250 வீடுகள், 11 நோயாளிகள், மஞ்சள் தண்ணீர்: ஆய்வை யார் ஒருங்கிணைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பெங்களூரு தாசரஹள்ளியில், பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் சுமார் 250 வீடுகள். பத்து வருஷத்தில் 11 பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுற்றிலும் முலாம் பூசும் பட்டறைகள். போர்வெல் தண்ணீர் சில மாதங்களில் மஞ்சளாக வருகிறது. குடியிருப்போர் சங்கம், ஒரு கல்லூரியின் வேதியியல் துறை, தெரிந்த ஒரு டாக்டர், ஒரு தொண்டு நிறுவனம், இந்த நாலு தரப்பும் சேர்ந்து ஆய்வு செய்யத் தயாராக இருக்கிறார்கள். யார் ஒருங்கிணைப்பது, ஆறு மாதத்தில் தொடர்பை நிரூபிக்க முடியுமா என்பது கேள்வி. உண்மையில் உங்கள் மனதில் இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: "இந்தத் தண்ணீரால்தான் எங்கள் ஆட்களுக்கு நோய் வந்தது என்பதை யாராவது எழுத்தில் சொல்ல வைக்க என்ன வழி?" இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதை மனதில் வைத்துக்கொண்டு முதலாவதைச் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் பல வருஷமாகப் புற்றுநோய் ஆய்வுகளில் தரவு ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தும்போது, எல்லோரும் ஒரே படிவத்தை ஒரே மாதிரி நிரப்புகிறார்களா, ரத்த மாதிரி எந்தப் பெட்டியில் கிடக்கிறது, யாருக்கு எந்தத் தரவைக் கொடுக்கலாம் என்று துரத்திக்கொண்டே இருக்கும் ஆள். டாக்டர் இல்லை, அதனால் யாருடைய நோயைப் பற்றியும் கருத்துச் சொல்ல மாட்டேன். வழக்கு, இழப்பீடு பற்றி வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறு மாதத்தில் நிரூபிக்க முடியாது. அந்த 11 பேரை வைத்து ஆறு வருஷத்திலும் முடியாது. காரணம் கணக்கு. 250 வீடு என்றால் ஏறக்குறைய 1,000 பேர். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அப்படியானால் 1,000 பேரில் வருஷத்துக்கு ஒருவர், பத்து வருஷத்தில் பத்துப் பேர். உங்கள் எண்ணிக்கை 11. பெருநகரங்களில் இந்த விகிதம் தேசிய சராசரியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வயதானவர்கள் அதிகமுள்ள தெரு என்றால் இன்னும் கூடும். வாழ்நாளில் ஒன்பது இந்தியர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வாளர்கள் 2022-க்குப் போட்ட மதிப்பீடு. இதைச் சொன்னால் சங்கக் கூட்டத்தில் கோபம் வரும் என்று தெரியும். செத்தவர்களை எண்ணிக் காட்டுகிறாயா என்று கேட்பார்கள். ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் போடாவிட்டால் எதிர்த் தரப்பு போடும்.

அதற்காக விஷயம் இத்தோடு முடிந்தது என்று சொல்லவில்லை. 11 என்ற மொத்த எண்ணை விட, அந்த 11-க்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மார்பகம், வாய், கருப்பை வாய், வயிறு என்று ஆளுக்கொரு வகையாக இருந்தால் பொதுவான ஒரே காரணம் இருக்கும் வாய்ப்பு குறைவு. புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் காரணங்கள். மாறாக, பீடி சிகரெட் தொடாத மூன்று நான்கு பேருக்கு நுரையீரல் புற்றுநோய், அதிலும் அவர்கள் ஒரே மாதிரி பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் என்றால், நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பேன். அமெரிக்காவில் இப்படி மக்கள் புகார் கொடுத்து அரசு விசாரித்தவற்றைத் தொகுத்து 2012-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. இருபது ஆண்டு காலத்தில் 428 விசாரணைகள், அவற்றில் ஆராயப்பட்ட புற்றுநோய் வகைகள் 567. எண்ணிக்கை உண்மையிலேயே கூடியிருந்தது 72-ல். சுற்றுச்சூழல் காரணத்தோடு ஏதோ ஓர் அளவுக்குத் தொடர்புபடுத்த முடிந்தவை மூன்று. காரணம் தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒரு விசாரணையில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் மற்றவை எல்லாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு உண்மையையும் தற்செயலையும் பிரிக்க முடியவில்லை என்பதுதான் பொருள்.

இப்போது உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரிக்கிறேன். பீன்யா பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது அரசுத் துறை ஆய்வுகளிலேயே பதிவான விஷயம். முலாம் பட்டறைகளில் பயன்படும் ஆறு இணைதிற குரோமியம் (குரோமியத்தின் நச்சு அதிகமான வடிவம்) மூச்சு வழியாக உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களில், வைத்திருக்கிறது. (முதல் பிரிவு என்றதும் 'மிக ஆபத்தானது' என்று செய்திகளில் போடுகிறார்கள். அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.) ஆனால் அந்த உறுதி முழுக்கத் தொழிலாளர்களை, அவர்கள் சுவாசித்த காற்றை வைத்து வந்தது. அதே குரோமியத்தைத் தண்ணீரில் குடித்தால்? இங்கேதான் சான்று மெலிகிறது. வயிற்று அமிலம் அதில் ஒரு பகுதியைத் தீங்கு குறைந்த மூன்று இணைதிற குரோமியமாக மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அதிக அளவு கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைவு, அதுவும் சண்டைக்குரியது.

அந்தச் சண்டையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது கூட்டு ஆய்வு பற்றிய பாடமும்கூட. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஒரு உலோகத் தொழிற்சாலையின் குரோமியம் கிராமத்துக் கிணறுகளில் இறங்கியது. தண்ணீர் மஞ்சளானது. அங்கே வயிற்றுப் புற்றுநோய் இறப்பு கூடுதல் என்று 1987-ல் ஓர் உள்ளூர் மருத்துவர் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1997-ல், அதே தரவை வைத்து அவர் பெயரிலேயே 'குரோமியத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை' என்ற தொனியில் இன்னொரு கட்டுரை வந்தது. அதன் பின்னால் தொழில்துறைத் தரப்பு ஆலோசகர்களின் பணமும் கையும் இருந்ததைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2006-ல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2008-ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டபோது, மாகாண சராசரியைவிட வயிற்றுப் புற்றுநோய் கூடுதல் என்றுதான் வந்தது. ஒரே தரவு, மூன்று வாசிப்பு. தரவு யாருடையது, யார் கணக்கிடுவார்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோமா, பணம் யார் தருகிறார்கள் என்பதையெல்லாம் முதல் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, எவ்வளவு பேர் இருந்தால் ஆய்வு தாங்கும்? ஊரில் ஐந்தில் ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார், அது ஆபத்தை 30 சதவீதம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் அதைப் பிடிக்க ஒரே வகைப் புற்றுநோய் உள்ள ஏறக்குறைய 1,300 நோயாளிகளும், ஒப்பிட அந்த நோய் இல்லாத 1,300 பேரும் வேண்டும். ஐரோப்பாவில் காற்று மாசுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்த எஸ்கேப் ஆய்வுக்கு ஒன்பது நாடுகளின் 17 குழுக்களைச் சேர்த்து 3 லட்சத்து 12 ஆயிரம் பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். சராசரியாக 13 ஆண்டு தொடர்ந்தும் அவர்களில் நுரையீரல் புற்றுநோய் வந்தது 2,095 பேருக்கு. ஒரு மருத்துவமனை, ஒரு கல்லூரி என்று இதைச் செய்ய முடியாததால்தான் கூட்டு ஆய்வு என்ற ஏற்பாடே வந்தது.

கூட்டு என்றதும் தலைவலி தொடங்குகிறது. வெளியாட்கள் ஆய்வகம்தான் கடினமான பகுதி என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் கடினமானது விலாசம். இன்று கண்டுபிடிக்கப்படும் கட்டிகளுக்கான விதை பத்திலிருந்து நாற்பது வருஷம் முன்பு விழுந்திருக்கலாம். அப்போது அவர் எங்கே இருந்தார்? நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ இருபது வயதில் பீன்யா பட்டறைக்கு வந்திருப்பார். மூன்று வாடகை வீடு மாறியிருப்பார். ரேஷன் கார்டும் ஆதாரும் ஊர் விலாசத்தில். நோய் என்றதும் வேலூருக்கோ அடையாறுக்கோ போய்விடுவார், அங்கேயும் ஊர் விலாசம்தான் கொடுப்பார். பெங்களூரில் குடித்த தண்ணீர் எந்தக் கணக்கிலும் வராது. நம் புற்றுநோய்ப் பதிவேடுகளில் (ஒரு பகுதியில் புதிதாக நோய் வந்தவர்களை எல்லாம் எண்ணிவைக்கும் ஏற்பாடு), ஒரு பகுதியில் குறைந்தது ஒரு வருஷம் வசித்தவரைத்தான் அந்தப் பகுதியின் நோயாளியாக எண்ணுவார்கள். அந்த விதி சரியானதே, ஆனால் அதைச் சரிபார்க்க யாராவது நோயாளியிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தவறான விலாசங்கள் ஆய்வில் நிறைந்தால், இருக்கிற தொடர்பும் மங்கி, இல்லாதது போலத் தெரியும்.

அடுத்த ஓட்டை தொழில். முலாம் தொட்டிக்கு மேலே குனிந்து நின்று நீராவியைச் சுவாசிப்பவருக்குக் கிடைக்கும் அளவும், வீட்டில் தண்ணீர் குடிப்பவருக்குக் கிடைக்கும் அளவும் வேறு வேறு. உங்கள் 11 பேரில் எத்தனை பேர் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக இருந்தால் எந்தப் பட்டறையின் பதிவிலும் பெயர் இருக்காது, ஈஎஸ்ஐ அட்டை இருக்காது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் மட்டுமே தெரியும். இது தெரியாமல் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டால் உண்மையான காரணம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும், நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். புகையிலை, குட்கா, விறகு அடுப்பு எல்லாவற்றையும் அதே அக்கறையோடு கேட்டாக வேண்டும். நம் நாட்டுப் புற்றுநோய்களில் கால் பங்குக்கு மேல் புகையிலை தொடர்பானவை.

ஆய்வக வேலை இதற்கு அடுத்ததுதான். அதிலும் ஒழுங்கு வேண்டும்: ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் அடைத்து, வேறு எண் ஒட்டி, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்ப்போம். நோயாளிகளின் மாதிரியையும் மற்றவர்களின் மாதிரியையும் கலந்து ஒரே நாளில் சோதிப்போம், யாருடையது எது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. சிறுநீரில் உள்ள குரோமியம் கடந்த சில நாட்களின் கதையைத்தான் சொல்லும், இருபது வருஷத்துக் கதையை அல்ல. எனவே இன்று எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை என்று யாராவது கிளம்பினால் அதற்குச் செலவு செய்யும் முன் யோசியுங்கள்.

அப்புறம் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வில் சேரும் ஆட்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. ஐந்து நிறுவனம் என்றால் ஐந்து கமிட்டி. ஒவ்வொன்றும் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்லும், கடைசியில் ஐந்து விதமான படிவம் கையில் இருக்கும். பல மைய ஆய்வுகளுக்கு ஒரே பொதுப் பரிசீலனை செய்ய ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் வழி விடுகின்றன. நடைமுறையில் நிறுவனங்கள் தங்கள் கமிட்டியை விட்டுக்கொடுக்கத் தயங்கும். வெளிநாட்டு நிதியோ வெளிநாட்டு ஆய்வகமோ சேர்ந்தால் சுகாதார அமைச்சகத்தின் குழு ஒன்றின் ஒப்புதலும் தேவை. இதற்கு மட்டும் ஒரு வருஷம் ஒதுக்குவது என் வழக்கம். முடிவை எழுதும்போது வேறு வகைச் சண்டை. செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு பார்த்த இன்டர்ஃபோன் ஆய்வில் 13 நாடுகள் ஒரே நெறிமுறையில் வேலை செய்தன. நேர்காணல்கள் 2004 வாக்கில் முடிந்தும் முக்கியமான மூளைக் கட்டி முடிவுகள் வந்தது 2010-ல்தான். எண்களை எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

இவ்வளவு சிக்கலிலும் நன்றாக நடந்த வேலை நம் பக்கத்திலேயே உண்டு. கேரளாவின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் முதலில் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை 1990-ல் தொடங்கியது. பிறகு வீடு வீடாகப் போய், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கதிர்வீச்சை அளந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து, 1,379 புற்றுநோய்களைக் கணக்கில் எடுத்து, கதிர்வீச்சால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். அந்த 'இல்லை'யை உலகம் மதிக்கிறது. அவர்களிடம் ஆட்கள் போதுமான அளவு இருந்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு இருந்தது.

உங்கள் நாலு தரப்பும் சேர்ந்து ஆறு மாத ஆய்வு செய்தாலும் பெரும்பாலும் 'தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை' என்றே வரும். அது வெறும் எண்ணிக்கைப் பற்றாக்குறையால் வந்த 'இல்லை'. ஆனால் அந்தத் தாளைப் பட்டறைகள் சங்கம் நற்சான்றிதழாக ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளும். அதனால் புற்றுநோய் ஆய்வை நீங்கள் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத சக ஊழியர்கள் உண்டு. சின்ன ஆய்வுதான் பெரிய நிறுவனங்களைத் தட்டி எழுப்பும் என்பார்கள். சில ஊர்களில் அப்படி நடந்ததும் உண்மைதான். நான் பயப்படுவது அது எதிர்ப்பக்கம் திரும்பிய ஊர்களை நினைத்து.

ஆறு மாதத்தில் முடிகிற வேறு ஆய்வு ஒன்று இருக்கிறது: தண்ணீர் வரைபடம். அதற்கு அந்தக் கல்லூரி வேதியியல் துறையே ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம். பகுதியில் உள்ள எல்லா போர்வெல்களையும் எண்ணி, ஆழம், போட்ட வருஷம், இடம் குறித்து, மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். மஞ்சள் நிறம் இரும்பாலும் வரும், குரோமியம்தான் என்று கண்ணால் சொல்ல முடியாது. மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆறு இணைதிற வகை பாட்டிலுக்குள்ளேயே மாறிவிடும், ஆகவே குளிரில் வைத்து உடனே ஆய்வகம் சேர்க்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு விதித்த எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போக அது போதும். ஒருவருக்காவது அதனால் புற்றுநோய் வந்ததை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் இரண்டு கேள்விகளையும் ஒன்றோடொன்று கட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதுவரை அந்தப் போர்வெல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது, நீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும்.

புற்றுநோய்ப் பக்கத்தை ஒரு பதிவேடு இருக்கும் நிறுவனத்திடம் விடுங்கள். பெங்களூருக்கு அந்த வசதி உண்டு: 1982 முதல் மக்கள்தொகை சார்ந்த பதிவேடு இங்கே ஓடுகிறது, கித்வாய் நினைவுப் புற்றுநோய் மையம் நடத்துகிறது. நாட்டின் பதிவேடுகளை எல்லாம் ஒருங்கிணைக்கும் ஐசிஎம்ஆரின் தேசிய நோய்த் தகவலியல் மையமும் இதே ஊரில்தான். 'எங்கள் வார்டு உங்கள் எல்லைக்குள் வருகிறதா, நுரையீரல், வயிறு ஆகிய இரண்டு வகைகளில் வயது சரிசெய்த விகிதம் (வயதானவர்கள் கூடக்குறைய இருப்பதால் வரும் வித்தியாசத்தை நீக்கிப் போட்ட கணக்கு) நகரத்தின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் எப்படி?' என்று எழுத்தில் கேளுங்கள். டாக்டர் நண்பர் கையெழுத்திட்டால் நல்லது. குறிப்பான கேள்விக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம், 'எங்கள் பகுதியில் புற்றுநோய் பரவுகிறது' என்று எழுதினால் கோப்பில் உறங்கும்.

சங்கம் செய்ய வேண்டியது ஒன்று, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. சம்மதிக்கிற ஒவ்வொரு வீட்டிலும், நோய் வந்த வீடு வராத வீடு எல்லாவற்றிலும், ஒரு தாள்: எந்த வருஷம் குடிவந்தார்கள், அதற்கு முன் எங்கே, எந்த வருஷம் வரை போர்வெல், எப்போது காவேரி இணைப்பு வந்தது, எப்போது டேங்கர், யார் எந்தப் பட்டறையில் எந்த வேலை, எத்தனை வருஷம். காலிசெய்துபோன குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். நோயின் பெயரை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அதைத் தொகுப்பதும் பகிர்வதும் ஒப்புதல், அந்தரங்கச் சிக்கலுக்குள் கொண்டுபோய் விடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீடுகளில் அந்தப் பட்டியல் என்ன பாடு படும் என்று உங்களுக்கே தெரியும். நோய் வந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் பயாப்ஸி அறிக்கையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பயாப்ஸிக்கு எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதையும் மருத்துவமனையில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அது இடத்துக்கு இடம் மாறும், கெடு முடிந்தால் அழித்துவிடுவார்கள்.